மூட்டத்தின் மேல் ஒரு பலகை

பத்து நாள் கொடுத்திருந்தார்கள். அதில் ஆறு நாளை ஒரு மண்மேட்டைச் சுற்றி நடந்தே தீர்த்தேன். நடந்தது கம்ப்யூட்டர் திரைக்குள்தான். ஆனாலும் சாயங்காலம் நாற்காலியை விட்டு எழும்போது முழங்கால் நிஜமாகவே கடுத்தது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் ஒன்று வெளிவருவதற்கு முன்னால் அதை யாராவது முழுக்க விளையாடிப் பார்த்து, எங்கே திக்குகிறது, எங்கே நின்றுபோகிறது என்று எழுதித் தர வேண்டும். சென்னையில் ஒரு சிறிய கம்பெனி இதைச் செய்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் கேமை அனுப்புவார்கள், இவர்கள் ஆள் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். கல்லூரியில் கூடப் படித்த ஒருவன் அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பினான். அப்போது நான் படித்து முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அரசுத் தேர்வு இரண்டு முறை எழுதித் தோற்று, சாயல்குடியில் ஒரு செல்போன் கடையில் எட்டு மாதம் நின்று, அதுவும் போய் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்படி ஒருவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரியும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "என்னய்யா, லீவா?" என்று மட்டும் கேட்பார்கள். மூன்று வருடமாக லீவு.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கும். அக்கா என்றே கூப்பிட்டேன்.

"உங்ககிட்ட என்ன கம்ப்யூட்டர் இருக்கு?"

கூச்சத்தோடு சொன்னேன். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். பாட்டரி போய்விட்டது, கரண்டில்தான் ஓடும். சூடு ஏறினால் அடியில் ஈரத்துணி மடித்து வைக்க வேண்டும்.

அவர் சந்தோஷப்பட்டார். "அய்யோ, அதுதாங்க வேணும். பழைய மெஷின்ல இது ஓடுமான்னு பார்க்க எங்களுக்கு ஆளே கிடைக்கல."

பிறகு விதியைச் சொன்னார். பத்து நாள். கேமை முடிவு வரைக்கும் கொண்டுபோக வேண்டும். யாரிடமும் கேட்கக் கூடாது. எங்கெல்லாம் வழி தெரியாமல் நிற்கிறேனோ அதையெல்லாம் எழுத வேண்டும். "நீங்க எங்க முட்டிக்கிட்டு நின்னீங்களோ அதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றார். அறிக்கை பிடித்திருந்தால் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம்.

இந்த வேலைக்காக அம்மா அய்யாவிடம், அதாவது என் அப்பாவிடம், கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அய்யா கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. பெய்யாத வருடத்தில் கண்மாய்க்குள்ளும் கரைமேலும் வேலிக்கருவைதான் மண்டிக் கிடக்கும். அதை வெட்டி, கட்டை கட்டையாகக் கூம்பு போல நட்டு அடுக்கி, மேலே இலைதழை போட்டு, ஈரமண்ணால் மெழுகி மூடி, உள்ளே தீ வைத்துவிட்டால் பத்துப் பதினைந்து நாள் உள்ளுக்குள்ளேயே வெந்து கரியாகும். அதுதான் மூட்டம். காற்று உள்ளே போனால் எல்லாம் சாம்பல். அதனால் ராத்திரி பகலாக யாராவது பக்கத்தில் இருந்து, வெடிப்பு விடும் இடத்தில் மண் அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அய்யாவின் காவல் ராத்திரியில். காலையில் எட்டு மணிக்கு வந்து பழையசோறு குடித்துவிட்டு மூன்று மணி வரை தூங்குவார். தூக்கத்திலும் இருமுவார்.

"ஒனக்கு அந்த வேலை அமைஞ்சுட்டா இந்த மூட்டத்தோட விட்டுர்றேன்லே" என்றார் அய்யா.

"கையில அடிச்சுச் சொல்லுங்க" என்றார் அம்மா.

அம்மாவின் உள்ளங்கையில் அய்யா ஓங்கி அடித்தார். கரி ஒட்டிக்கொண்டது.

கல்லூரி விடுதியில் பையன்கள் போனில் விளையாடுவார்கள், நானும் விளையாடியிருக்கிறேன். துப்பாக்கி, ஓட்டம், கத்தல். இந்த கேம் அப்படியில்லை. ஒரு படகு நம்மை ஒரு தீவில் இறக்கிவிட்டுப் போகிறது. ஆள் இல்லை. நம் கையில் ஒன்றுமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கற்பாதை, அதன் இரு பக்கமும் பதினோரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிணறு, ஊருக்குப் பின்னால் புல்வெளி. காற்றும் அலைச் சத்தமும் மட்டும். முதல் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு, முதல் குறையாக எழுதி வைத்தேன்: ஒன்றும் நடக்கவில்லை, கேம் பழுதாக இருக்கலாம். அக்காவுக்கும் போன் செய்து சொன்னேன்.

அவர் சிரித்தார். "தம்பி, அதுதான் கேமே. நடங்க, பாருங்க. தானா தெரியும்."

சரி என்று நடந்தேன். என் வேகம் மிகவும் குறைவு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றேன். கூப்பிடாத வீட்டுக்குள் எப்படி நுழைவது? யாருமில்லை என்று தெரிந்தும் அந்தத் தயக்கம் விரலில் இருந்தது. நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திறந்து போட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. மேசையில் தட்டு, ஆணியில் தொப்பி, கட்டிலுக்கடியில் குழந்தைச் செருப்பு ஒற்றையாக.

அம்மா இரண்டு குடம் தண்ணீரோடு உள்ளே வந்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

"ஏய்யா, எங்க இந்த ஊருச் சனமெல்லாம்?"

"அதைத்தாம்மா கண்டுபிடிக்கணும்."

"இதுக்குக் கம்பூட்டர் எதுக்கு? நம்ம ஊருல பாதி வீடு பூட்டிக் கெடக்கு. இங்கனயே நடந்து பாத்திருந்தா எல்லாம் எங்க போயிருக்குன்னு நானே சொல்லியிருப்பேனே. ஒண்ணு திருப்பூரு, ஒண்ணு துபாயி."

ஹெட்போனில் ஒரு காது போய்விட்டதால் சத்தத்தை வெளியேதான் விட்டிருந்தேன். ஒருநாள் கரைப் பக்கமாக நடந்தபோது அலை பெரிதாக இரைந்தது. அம்மா வெளியே குண்டு மிளகாய் வற்றலைக் காயப்போட்டிருந்தவர், மழை என்று நினைத்து, தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து தார்ப்பாயை என் பக்கத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: "கடலுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. மனுசிக்கு ஒரு நிமிசம் நெஞ்சு நெறைஞ்சு போச்சு."

மூன்று நாளில் கதை கொஞ்சம் பிடிபட்டது. வீடுகளில் கடிதங்கள் கிடந்தன. ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வரிகளில். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்து, தெரியாத சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டேன். கிணற்றைப் பார்த்தபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படை கட்டியிருந்தது. தண்ணீர் உப்பாகிவிட்டது. ஊர் காலியானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கடிதங்களும் அதைத்தான் சொல்லின. எல்லாரும் ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொரு வீடாகக் கிளம்பியிருக்கிறார்கள். கிளம்பிய ஒவ்வொருவரும் ஒரே ஆளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: எங்கள் வீட்டையும் பார்த்துக்கொள். சாவி உன்னிடம் இருக்கட்டும். பதினோரு வீட்டுக் கடிதமும் அந்த ஒரே ஆளுக்குத்தான்.

பதினோரு வீட்டு வாசலிலும் பெயர் இருந்தது. அந்த ஆளின் பெயர் எங்கேயும் இல்லை. அப்படியானால் அவர் எங்கே இருந்தார்? அவருடைய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கேம் முடியும் என்று தெரிந்துவிட்டது. ஊருக்குள் எங்கேயும் இல்லை. மிச்சம் இருந்தது ஊருக்குப் பின்னால் இருந்த புல்வெளி. அங்கே போனேன்.

அங்கே ஒரு மேடு. உருண்டையாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. மண் பூசியது போன்ற பக்கங்கள், அங்கங்கே புல். உச்சியிலிருந்து நூல் பிடித்த மாதிரி மெல்லிய புகை.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. மூட்டம்.

அப்போது மணி மூன்று இருக்கும். அய்யா எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கேமை அவர் இதுவரை மதித்ததில்லை. "பதினஞ்சு வருசம் படிச்சது ஆளில்லாத ஊருல கதவு சாத்தவாலே?" என்று கேட்டிருந்தார். இப்போது குனிந்து பார்த்தார்.

"அட, மூட்டம்லே! வெள்ளக்காரனும் போடுவானோ?"

"அப்படித்தான் தெரியுது."

"நல்லாத்தான் போட்டிருக்கான். புகை பாரு, நீலம் பட்டிருச்சு. வெந்திருச்சுன்னு அர்த்தம்." நான் மேட்டுக்கு அருகே போனேன். அய்யாவின் கை என் தோளில் விழுந்தது. "ஏலே, கிட்டப் போயிராத. மேல மிதிச்சிராத. இந்தக் கட்டத்துலதான் உள்ளுக்குள்ள பொக்குன்னு இருக்கும். மிதிச்சா இறக்கிரும்."

"தெரியும்யா."

தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுவார்கள். வெளியே மண்ணாகத்தான் தெரியும். உள்ளே கங்கு. எங்கள் வீட்டில் அது வெறும் எச்சரிக்கையும் இல்லை. நான் ஆறாவது படிக்கும்போது அய்யாவின் இடதுகால் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார். எப்படி ஆனது என்று கேட்டபோது, "தெரியாம மிதிச்சுட்டேன்" என்றார். அன்றிலிருந்து என்னை மூட்டம் இருக்கும் பக்கமே விட்டதில்லை. சோறு கொண்டுபோனால்கூட ரோட்டிலேயே நிறுத்தி வாங்கிக்கொள்வார். கேட்டால், "புகை படிக்கிற பிள்ளைக்கு ஆகாது" என்பார். அந்தக் கால் இப்போதும் வெயில்காலத்தில் அரிக்கும். தோல் சுருங்கி, முடி இல்லாமல், காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி இருக்கும்.

அதனால் நான் மேட்டை மிதிக்கவில்லை. சுற்றி வந்தேன். பின்பக்கம் கதவு இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அடியில் துளை? இல்லை. சரி, கரி போடுகிற ஆள்தான் அந்தக் கடைசி ஆள், அவர் குடிசை இங்கேதான் எங்கேயோ இருக்கும் என்று புல்வெளி முழுவதும் தேடினேன். பாறை பாறையாகப் பார்த்தேன். திரும்ப ஊருக்குள் போனேன். பதினோரு வீடு, மறுபடியும். தட்டைத் தூக்கிப் பார்த்தேன், பள்ளிக்கூட மணியை அடித்தேன். கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். காலையில் கரண்ட் இருக்கும்போது தொடங்கி, மதியம் கரண்ட் போனால் நிறுத்தி, வந்ததும் தொடங்கி. ஈரத்துணி காய்ந்தால் நனைத்துப் போட்டேன். எனக்குப் பக்கத்தில் பாயில் அய்யா ராத்திரிக் காவலின் அசதியில் வாயைத் திறந்து தூங்குவார். சட்டையிலிருந்து புகை நாற்றம் வரும். நான் ஒரு பொய்யான மூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நிஜ மூட்டத்திலிருந்து வந்து படுத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே அலுப்பு. ஒரே வித்தியாசம், அவருக்குக் கரி மிஞ்சும்.

எட்டாம் நாள் அக்கா போன் செய்தார். "எப்படிப் போகுது?"

"போகுதுக்கா."

"மத்த நாலு பேரும் முடிச்சுட்டாங்க. அவசரமில்ல. பத்தாம் நாள் சாயங்காலம் அறிக்கை வந்துட்டா போதும்."

நாலு பேர் முடித்துவிட்டார்கள். அவர்கள் எல்லாம் எங்கே படித்தவர்களோ. எனக்குள் ஒரு பழைய குரல் பேச ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராதபோது பேசிய அதே குரல். உனக்கெல்லாம் எதற்கு இது. சாயங்காலம் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"முடியலையா?"

"ஒரு ஆள் வீடும்மா. அது மட்டும் கெடைச்சாப் போதும்."

"கெடைக்கும். தெரியாத ஊருல வீடு தேடுறது ஒரே நாள்ல நடக்குமா?" என்றவர், சற்றுக் கழித்து மெதுவாகக் கேட்டார். "கெடைக்கலைன்னா அவுக சத்தியம் செல்லாதோ?"

நான் ஈரத்துணியை நனைக்க எழுந்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம். புழுக்கம். நான் அந்தப் புல்வெளியில்தான் இருந்தேன். எத்தனையாவது சுற்று என்று தெரியாது. கண் சொக்கியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு கணம் தூங்கியிருக்கிறேன். முன்னே நடக்கும் பொத்தானில் விரல் அப்படியே அழுந்திக் கிடந்திருக்கிறது. திடுக்கிட்டு விழித்தபோது திரையில் நான் மேட்டின் சரிவில் ஏறி, உச்சியில், புகைக்கு நடுவே நின்றிருந்தேன். காலடியில் கறுக்கென்று ஒரு சத்தம்.

இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிவிட்டேன். தூக்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்து, நான் அய்யாவின் பாய் மேல் போய் விழுந்தேன்.

"என்னலே! என்னலே!"

"மிதிச்சுட்டேன்யா."

"எதுல?"

"மூட்டத்துல."

அய்யா பாய்ந்து எழுந்து என் காலைப் பிடித்தார். இரண்டு கையாலும் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல்களுக்கு நடுவில் பார்த்தார், முழங்கால் வரை தடவினார். கண் திறந்திருந்தது, ஆனால் அவர் இன்னும் விழிக்கவில்லை. "சுடுதா? எங்கன சுடுது?" என்றார். நான் திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலை விட்டார். "போடா வெறும்பயலே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

திரையில் நான் எரிந்துபோகவில்லை. உச்சியில் புல்லுக்கடியில் ஒரு பலகைக் கதவு. அதன் மேல்தான் நின்றிருந்தேன். கறுக்கென்றது அதுதான். திறந்தால் கீழே இறங்கும் படிகள். உள்ளே சின்ன அறை. அந்தக் கடைசி ஆளின் வீடு. குளிருக்காக மண்ணுக்குள் கட்டிக்கொண்ட வீடு. சுவரில் பதினோரு சாவி. ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்போரம் காயவைத்த பூட்ஸ். ஒற்றை நாற்காலி. ஆள் இல்லை, இப்போதுதான் எழுந்து போனது போல. நாற்காலியில் உட்காரலாம். உட்கார்ந்தேன். தீ மங்கியது. பக்கத்தில் கிடந்த ஒரு விறகை எடுத்து வைத்தேன். தீ எழுந்தது. திரை மெல்ல இருண்டது. அவ்வளவுதான் கேம்.

உச்சியில் இருந்த அந்தப் புகை இந்த அடுப்பின் புகை. மற்ற நாலு பேரும் புகையைப் பார்த்ததும், அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நேராக ஓடி மேலே ஏறியிருப்பார்கள். கேமைச் செய்தவர்கள் புகையை வைத்ததே அதற்குத்தான். வா என்று கூப்பிடத்தான். நான் அதே புகையைப் பார்த்து ஆறு நாள் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கிறேன். புகை என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

பத்தாம் நாள் அறிக்கை எழுதினேன். என் லேப்டாப்பில் கேம் நெட் இல்லாமல்தான் ஓடியது. நான் எங்கே எத்தனை மணி நேரம் நின்றேன் என்று கம்பெனிக்குத் தெரிய வழியில்லை. முதலில், "மேட்டின் அருகே சுமார் அரைமணி நேரம் வழி தெரியவில்லை" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். நல்ல வாக்கியம். வேலை கிடைக்கிற வாக்கியம். அய்யா அப்போதுதான் எழுந்து, கொல்லையில் நின்று, இருமிக் காறித் துப்பிக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியத்தை அழித்துவிட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. முட்டிக்கொண்டு நின்ற இடம்தான் முக்கியம் என்று அக்கா சொல்லியிருந்தார், எனக்கு வேறு எந்த இடத்திலும் எழுதும்படியாக ஒன்றும் இல்லை. ஆறு நாள் நின்றேன் என்று எழுதினேன். எங்கள் ஊரில் மூட்டம் என்றால் என்ன, ஏன் அதை மிதிக்க மாட்டோம், புகை எந்த நிறத்தில் வந்தால் என்ன அர்த்தம், எல்லாவற்றையும் எழுதினேன். என் ஆங்கிலத்தில் அது மூன்று பக்கம் வந்தது. அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்தார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த மூட்டம்னு எழுதியிருக்கீங்கல்ல, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? கேம் பண்ணவங்க கேக்கறாங்க."

அன்று அய்யா வீட்டுக்கு வரவில்லை. மூட்டம் அமர்கிற நேரம், பகலிலும் ஆள் வேண்டும் என்று ராத்திரிக் காவலிலிருந்து அங்கேயே தங்கிவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அபிராமம் ரோட்டிலிருந்து பிரிந்து, கருவைக்குள் ஒற்றையடிப் பாதை. ரோட்டில் நின்று கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார், போட்டோ எடுக்க முடியாது. அதனால் முதல் தடவையாகச் சொல்லாமல் உள்ளே போனேன்.

மூட்டம் அரைவாசி தாழ்ந்து போயிருந்தது. நீலப்புகை. அய்யா அதன் மேல் நின்றிருந்தார்.

சரிவில் ஒரு நீளப் பலகை சாத்தியிருந்தது. அய்யா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தப் பலகையின் மேல்முனையில் குந்தி, ஒரு காலைப் பலகையிலும் இன்னொரு காலை மண்ணிலும் வைத்து, உச்சியில் விழுந்த வெடிப்பில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தைக் குதிகாலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். அது பொக்கென்று இருந்திருக்க வேண்டும், காலை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்தை அழுத்தினார். அவசரமே இல்லை. கத்திரிக்காய் முற்றிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது மாதிரி.

நான் போனை உயர்த்தி எடுத்தேன். பிறகுதான் கூப்பிட்டேன்.

"அய்யா."

திரும்பினார். முகம் முழுக்கக் கரி. பிடிபட்டவர் மாதிரி ஒரு பார்வை. மெதுவாகப் பலகை வழியே இறங்கி வந்தார்.

"நீ எதுக்குலே இங்கன வந்த?"

"மேல மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீக."

"ஒனக்குச் சொன்னேன்." துண்டை அவிழ்த்து உதறினார். "உச்சி வெடிச்சா கீழ நின்னு எட்டுமா? யாராச்சும் ஏறத்தான் செய்யணும். நான் பலகை போட்டுல்ல ஏறுறேன்."

"அன்னைக்கு... தெரியாம மிதிச்சுட்டேன்னு சொன்னீகளே."

அவர் தன் இடதுகாலைப் பார்த்தார். "அன்னைக்குப் பலகை இல்ல" என்றார். "சரி, வந்தது வந்துட்ட. அந்தக் குடத்தத் தூக்கிட்டு வா. தள்ளி நில்லு."

குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியாததா?" என்றார். இத்தனை வருடமாக அந்த வீட்டில் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

போட்டோவை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வேலை உறுதியானது. அக்கா சொன்ன காரணம் எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. "மத்தவங்க அறிக்கைல ஒண்ணுமே இல்ல தம்பி. எல்லாரும் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாங்க." ஆனால் மாதச் சம்பளம் இல்லை. கேமுக்கு இவ்வளவு என்று. அடுத்த கேம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் உள்ளங்கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அய்யாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அய்யாவே சொன்னார்: "இந்த மூட்டத்தப் பிரிச்சுட்டு விட்டுர்றேன்." பிரித்தார். ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தார். அந்த ஒன்றரை மாதத்தில் எனக்கு ஒரு கேம்தான் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில், "சும்மா பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். அம்மா தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தார். சும்மா பார்க்கப் போகிறவருக்கு எதற்குச் சோறு என்று நானும் கேட்கவில்லை.

இப்போது அவர் மேலே ஏறுவதில்லை. அதுமட்டும் நடந்திருக்கிறது. கீழே நின்று மண் குழைத்துக் கொடுக்கிறார். ஏறுவது வேறொருவர், அய்யாவைவிடப் பத்து வயது இளையவர். அவர் மகள் பெரியபட்டினம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

கேம் வெளிவந்ததும் கம்பெனி எனக்கு ஒரு பிரதி அனுப்பியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டேன். படகு இறக்கிவிட்டது. வீடுகளைத் தாண்டி நேராகப் புல்வெளிக்குப் போனேன். மேடு இருந்தது, புகை இருந்தது. சரிவில் ஒரு பலகை சாத்தியிருந்தது. நீளமாக, நடுவில் தேய்ந்து, கீழ்முனையில் காய்ந்த மண் ஒட்டி. முன்பு அது இல்லை.

அய்யாவை எழுப்பிக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம பலகை."

"ஆமாய்யா."

"சாத்துனது சரியில்ல. இன்னும் படுக்கப் போடணும். இப்படி நட்டமா வச்சா வழுக்கும்" என்றார். பிறகு, "சரி, ஏறு" என்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன். பாதி ஏறியபோது அய்யாவின் கை என் தோளில் விழுந்தது. உச்சிக்குப் போய்க் கதவு திறக்கும் வரை எடுக்கவில்லை.